மனநோயோடு வாழும் இளைஞர்கள் படிப்புக்கும் வேலைக்கும் திரும்புவது எப்படி? துணை நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"முதலில் முழுசா சரியாகட்டும். படிப்பு, வேலை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." மனநோய் வந்த மகனோ மகளோ இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு கட்டாயம் எழும். அன்பினால் வருகிற பேச்சுதான். ஆனால் அந்த 'அப்புறம்' நிறைய வீடுகளில் வருவதே இல்லை. ஆறு மாத ஓய்வு என்று ஆரம்பித்தது மூன்று வருடமாக நீள்கிறது. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகல் தூக்கமும் இரவு விழிப்பும் பழகிவிடுகின்றன. நோயின் தீவிரம் குறைந்த பிறகும், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை அறைக்குள்ளேயே இருக்கிறான்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா), இருமுனைக் கோளாறு (மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வருவது), கடுமையான மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, ஓ.சி.டி. (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து விடாமல் பிடிப்பது) போன்றவற்றோடு வாழும் இளைஞர்களுக்குத் துணை நிற்கிற பெற்றோர், உடன்பிறந்தவர், நண்பர், ஆசிரியர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. இதில் நான் வலியுறுத்தப் போவது ஒன்றைத்தான்: முழுக் குணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். படிப்பும் வேலையும் குணமடைவதன் ஒரு பகுதி. சிறிதாக, சரியான துணையோடு, சீக்கிரம் தொடங்குங்கள்.

நோய் தாக்கும் வயதைப் பார்த்தாலே இந்த அவசரம் புரியும். ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன. பள்ளி இறுதி, கல்லூரி, முதல் வேலை என்று ஒருவர் தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்கிற அதே ஆண்டுகள். நாற்பது வயதில் நோய் வந்தால் திரும்பிப் போக ஒரு வேலை இருக்கும், கையில் ஒரு தொழில் இருக்கும். பத்தொன்பதில் வந்தவருக்குத் திரும்பிப் போக இன்னும் எதுவும் உருவாகியிருக்காது.

காத்திருக்க வேண்டாம் என்பதற்கு என்ன ஆதாரம்?

முன்பெல்லாம் மனநல மறுவாழ்வு என்றால் முதலில் பயிற்சி, பிறகு வேலை. கூடை பின்னுதல், மெழுகுவத்தி செய்தல், காகித உறை ஒட்டுதல் என்று ஒரு பயிற்சிக்கூடத்தில் உட்கார வைப்பார்கள். 'தயாராகிவிட்டார்' என்று யாராவது சொன்னால்தான் வெளி வேலை. அப்படிச் சொல்லும் நாள் பலருக்கு வரவேயில்லை.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியது 'இன்டிவிஜுவல் பிளேஸ்மென்ட் அண்ட் சப்போர்ட்', சுருக்கமாக ஐ.பி.எஸ். என்கிற முறை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் 1990களில் இதை வடிவமைத்தார்கள். முதலில் உண்மையான வேலை, அந்த வேலையில் இருந்துகொண்டே பயிற்சியும் துணையும். 'இவர் வேலைக்குத் தகுதியானவரா' என்று யாரும் வடிகட்டுவதில்லை. வேலை வேண்டும் என்று விரும்புவதே தகுதி. வேலை ஆலோசகரும் மருத்துவக் குழுவும் ஒன்றாக இயங்குவார்கள். ஓர் ஆலோசகருக்கு ஏறக்குறைய 20 பேர்தான். சேர்ந்த 30 நாட்களுக்குள் ஒரு முதலாளியை நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது இந்த முறை வைத்திருக்கும் அளவுகோல்.

லண்டன், சூரிக், சோஃபியா உட்பட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரை வைத்து நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. எல்லோருமே தீவிர மனநோய் உள்ளவர்கள். 18 மாதங்களில், ஐ.பி.எஸ். உதவி பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது வெளியே சம்பள வேலை பார்த்தார்கள். பழைய முறைப் பயிற்சி பெற்றவர்களில் அது 28 சதவீதம். 'வேலைக்குப் போனால் அழுத்தத்தில் நோய் திரும்பிவிடும்' என்பதுதானே வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் பயம்? அதே ஆய்வில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், ஐ.பி.எஸ். பக்கம் 20 சதவீதம், மறுபக்கம் 31 சதவீதம். எல்லா வேலையும் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. பொருந்தாத வேலையும் துணையில்லாத வேலையும் நிச்சயம் கெடுக்கும். ஆனால் வேலை என்பதே ஆபத்து என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு சேவை இல்லாமல் இருக்கலாம். இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால், அந்த ஆலோசகர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைப் பொறுமையுள்ள ஒரு அக்காவோ, மாமாவோ, சமூகப் பணியாளரோ செய்ய முடியும். கீழே வரும் படிகள் அதற்குத்தான்.

தொடங்கும் முன்: நிறுத்த வேண்டிய இடம்

உயிரை விடும் எண்ணம் இருக்கிறது, மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கட்டளையிடுகின்றன, பல நாளாகத் தூக்கமே இல்லாமல் பேச்சும் செலவும் கட்டுமீறிப் போகிறது, சாப்பாடு நின்றுவிட்டது. இப்படி ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவம். உடனடி அவசர உதவி. படிப்பு விண்ணப்பம் சில வாரம் காத்திருக்கலாம்.

இன்னொன்று. தேர்வு முடிவு வரும் நாட்களும், மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களும் கவனம் தேவைப்படும் காலம். சந்தேகம் வந்தால் "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

படி 1: அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்

எளிதாகத் தெரிகிற இந்தப் படியில்தான் பெரும்பாலான முயற்சிகள் சறுக்குகின்றன. அப்பா ஏற்கெனவே ஒரு தூரத்துச் சொந்தக்காரரின் கடையில் பேசி வைத்திருப்பார். அம்மா, விட்டுப்போன பட்டப்படிப்பை முடித்தால் போதும் என்பார். பிள்ளையைக் கேட்டால் "தெரியல" என்ற ஒரே பதில். 'பார்த்தீர்களா, அவனுக்கே ஒன்றும் தெரியவில்லை' என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

'தெரியல' என்ற பதிலுக்குள் பல விஷயங்கள் இருக்கலாம். மறுபடி தோற்றுவிடுவோமோ என்ற பயம். எதைச் சொன்னாலும் வீட்டில் மறுப்பார்கள் என்ற அனுபவம். அல்லது நோயே ஆர்வத்தை அடக்கி வைத்திருப்பது. சமூகம் மனநோயாளிகளைப் பற்றிச் சொல்வதையெல்லாம் ஒருவர் தன்னைப் பற்றிய உண்மையாகவே எடுத்துக்கொண்டால், 'எதற்கு முயல வேண்டும்' என்ற நிலைக்குப் போய்விடுவார் என்று பேட்ரிக் காரிகன் என்ற உளவியலாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நிலையில் இருப்பவரிடம் 'உன் லட்சியம் என்ன' என்று கேட்பது வீண்.

சிறிய கேள்விகள் கேளுங்கள். நோய்க்கு முன்னால் நேரம் போவதே தெரியாமல் எதைச் செய்தாய்? எந்தப் பாடத்தில் கொஞ்சமாவது பிடிப்பு இருந்தது? ஆட்களோடு இருக்கப் பிடிக்குமா, பொருட்களோடு இருக்கப் பிடிக்குமா? ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள். நடக்கும்போதும் வண்டியில் போகும்போதும் கேட்டால், முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்பதைவிட நல்ல பதில் வரும்.

எட்டாத ஆசையைச் சொன்னால்? இரண்டு வருடமாகப் புத்தகமே திறக்காதவர் மருத்துவராக வேண்டும் என்கிறார். சிரிக்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். அதில் என்ன பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். நோயாளிகளுக்கு உதவுவதா, ஆய்வகமா, மரியாதையா? பதிலைப் பொறுத்து, அந்தத் திசையில் இந்த மாதமே எடுத்து வைக்கக்கூடிய ஒரு அடி கிடைக்கும்: ஆய்வக உதவியாளர் படிப்பு, மருந்தகத்தில் அரைநாள் வேலை, முதலுதவிப் பயிற்சி. கனவு நிஜத்தோடு மோதி வடிவம் மாறுவது எல்லா இளைஞருக்கும் நடப்பதுதான். இவர்களுக்கு மட்டும் அந்த வாய்ப்பை நாம் முன்கூட்டியே மறுத்துவிடுகிறோம்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. மனச்சிதைவோடு வாழ்ந்து 1994இல் பொருளாதார நோபல் பெற்ற ஜான் நாஷின் பெயரைச் சொல்லி ஊக்கப்படுத்துவது. காலையில் எழுந்து பல் துலக்கவே போராடும் ஒருவருக்கு அது ஊக்கமாகப் படாது. 'இவ்வளவு பெரியவரே முடித்தார், உனக்கு என்ன' என்றுதான் காதில் விழும்.

படி 2: தடை எது என்று கண்டுபிடியுங்கள்

நோயின் பெயர் உங்களுக்கு அதிகம் சொல்லாது. ஒரே மனச்சிதைவு உள்ள இருவரில் ஒருவருக்குக் கூட்டம் தாங்காது. இன்னொருவருக்குத் தனிமை தாங்காது. ஆகவே ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்து வையுங்கள். அவரே குறித்தால் இன்னும் நல்லது. எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறார்? எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார்? ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? எங்கே போனால் பதற்றம் கூடுகிறது? குரல்கள் கேட்பவராக இருந்தால் எப்போது அதிகம், எதைச் செய்தால் குறைகிறது?

இதைச் செய்யும்போது மூன்று விஷயங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

முதலாவது, அறிவாற்றல் சார்ந்த சிரமம். கவனம், உடனடி நினைவு, தகவலைப் புரிந்துகொள்ளும் வேகம் ஆகிய மூன்றையும் மனச்சிதைவு பாதிக்கிறது. இருமுனைக் கோளாறிலும் தீவிர மனச்சோர்விலும்கூட இது உண்டு. குரல்களும் சந்தேகங்களும் மருந்தில் அடங்கிய பிறகும் இந்தச் சிரமம் தங்கிவிடலாம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது அப்படியே சோம்பலாகத் தெரியும். மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றைத்தான் செய்வார். மீதி இரண்டையும் மறந்துவிட்டார் என்று திட்டுவோம். அவை மனதில் பதியவே இல்லை என்பது நமக்குத் தோன்றாது. ஒன்றொன்றாகச் சொல்வது, எழுதிக் கொடுப்பது, போனில் நினைவூட்டல் வைப்பது ஆகியவை இதற்குச் சாதாரணமான, ஆனால் வேலை செய்கிற வழிகள். நினைவையும் கவனத்தையும் கூர்மையாக்கும் பயிற்சிகளும் இருக்கின்றன. வேலைத் துணையோடு சேர்த்துச் செய்யும்போது அவை அதிகம் பயன்படுகின்றன.

இரண்டாவது, ஆர்வமும் உந்துதலும் வற்றிப்போவது. இதை நோயின் எதிர்மறை அறிகுறி என்பார்கள். அறிவுரையால் இது நகராது. வெளியிலிருந்து வரும் ஒழுங்கு, அதாவது குறிப்பிட்ட நேரம், காத்திருக்கும் ஒரு ஆள், சின்ன வேலை, கையில் வரும் பணம், இவை ஓரளவு நகர்த்தும். வேலையே மருந்தின் ஒரு பகுதி என்று சொல்வதன் பொருள் இதுதான்.

மூன்றாவது, மருந்தின் பக்கவிளைவு. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஓலான்சபின், குயெடியபின், க்ளோசபின் போன்ற மனநோய் மருந்துகள் நல்ல தூக்கக் கலக்கம் தரும். பத்து மணிக்குப் போட்ட மாத்திரையின் மயக்கம் காலை வகுப்பு வரை நீளலாம். அரிப்பிப்ரசோல் சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத அமைதியின்மையைத் தரும். அது பதற்றம் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படும். லித்தியம் எடுப்பவருக்குக் கை நடுங்கலாம், தாகமும் சிறுநீரும் அதிகமாகலாம். மூன்று மணி நேரத் தேர்வு எழுதுபவருக்கு இது சின்ன விஷயமில்லை.

படி 3: மருத்துவரிடம் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசுங்கள்

பெரும்பாலும் அறிகுறிகளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். 'அடுத்த மாதம் காலை ஒன்பது மணி வகுப்புக்குப் போக விரும்புகிறார்' என்று சொன்னால் மருத்துவரின் கணக்கே மாறும். இரவு மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்னதாகப் போடலாமா, அளவைக் குறைக்கலாமா, வேறு மருந்து உண்டா, தினசரி மாத்திரைக்குப் பதில் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பொருந்துமா என்றெல்லாம் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை, மருத்துவச் சந்திப்பு ஆகியவற்றைத் தேர்வு நாளில் வராதபடி முன்பே திட்டமிடுங்கள்.

எதையும் நீங்களாக மாற்ற வேண்டாம். 'வேலை கிடைச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு' என்ற எண்ணம் முதல் சம்பளத்தோடு கூடவே வரும். அதைப் பற்றி முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

அவர் வயதுவந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். மருத்துவரிடம் நீங்கள் என்ன பேசலாம் என்பதை முதலில் அவரிடமே கேட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

படி 4: படிப்புக்குத் திரும்புதல்

நோய் ஆரம்பித்த நேரத்தில் படிப்பு எப்படி நின்றது என்று முதலில் பாருங்கள். முறையான விடுப்பா, வெறுமனே போகாமல் நின்றதா, தேர்வில் தோல்வி என்று பதிவாகிவிட்டதா? போகாமல் நின்றிருந்தால்கூட, மருத்துவச் சான்றோடு பேசினால் மருத்துவ விடுப்பாக மாற்ற இடம் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. இதற்குக் கடைசித் தேதிகள் இருக்கும். ஆகவே இப்போது நோய்வாய்ப்பட்டிருக்கும் பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான்: சேர்க்கையை ரத்து செய்யாமல், எழுத்து மூலம் விடுப்பு வாங்கி வைப்பது.

திரும்பும்போது முழுச் சுமையோடு திரும்ப வேண்டாம். ஒன்றிரண்டு பாடங்கள் மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் தொலைநிலைக் கல்வி, குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு போன்றவை நல்ல ஒத்திகை. தொலைநிலைக் கல்வியில் ஒரு சிக்கல் உண்டு. உந்துதல் குறைந்தவருக்கு அது இன்னொரு அறைக்குள் அடைவதாக முடியலாம். வாரத்துக்கு இரண்டு நாளாவது நூலகத்திலோ நண்பரோடோ உட்கார்ந்து படிக்க ஏற்பாடு இருந்தால் மட்டும் அதை எடுக்கச் சொல்வேன்.

அடுத்தது சலுகைகள். சலுகை என்ற பெயரே தப்பு, இது உரிமை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை நீண்டகால மனநலக் குறைபாட்டையும் உள்ளடக்கியது. அதன் 24ஆவது பிரிவு கல்வியையும் 27ஆவது பிரிவு வேலையையும் பற்றியது. இரண்டிலும் 'நியாயமான மாற்றங்கள்' செய்துதர வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டமும் கல்வி நிறுவனத்தின் விதிகளும் இதை எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்று கேட்டறியுங்கள். கேட்கக்கூடியவை:

- தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, இடையில் எழுந்துபோக அனுமதி, தண்ணீர் வைத்துக்கொள்ள அனுமதி
- வகுப்பைப் பதிவு செய்யவோ குறிப்பு வாங்கவோ அனுமதி
- ஒப்படைப்புகளுக்கு நீட்டிப்பு
- கதவுக்குப் பக்கத்து இருக்கை
- எல்லோர் முன்னும் பேசுவதற்குப் பதில் ஆசிரியர் முன் மட்டும் பேசிக்காட்டுவது

பட்டியலை அப்படியே நீட்டாதீர்கள். இரண்டாம் படியில் குறித்ததிலிருந்து எது இவருக்குத் தேவையோ அதை மட்டும், காரணத்தோடு கேளுங்கள். 'மருந்தால் கை நடுங்குகிறது. ஆகவே கூடுதல் நேரம்' என்ற கோரிக்கை 'இவருக்கு மனநோய். உதவி செய்யுங்கள்' என்பதைவிட எளிதில் ஏற்கப்படும். வாய்மொழி உறுதி போதாது. எழுத்தில் வாங்குங்கள். பருவத்தின் நடுவில் ஆசிரியர் மாறலாம்.

வகுப்பு தொடங்கும் முன்பே ஒருமுறை வளாகத்துக்குப் போய்வாருங்கள். எந்தப் பேருந்து, எந்த அறை, கழிப்பறை எங்கே, பதற்றம் வந்தால் பத்து நிமிடம் உட்கார அமைதியான இடம் எங்கே என்று பார்த்து வைத்தால் முதல் நாள் பாதி எளிதாகிவிடும். 'இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்' என்ற கேள்விக்கும் ஒரு பதிலைத் தயார் செய்யுங்கள். "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்போ பரவாயில்ல" என்பது உண்மையும்கூட, போதுமானதும்கூட.

படிப்பதற்கு இருபது நிமிடம், ஐந்து நிமிட இடைவெளி என்று தொடங்கலாம். பின்தங்கிய பாடங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலைப்பு வரும்; இந்த வாரத்துப் பாடத்தை முதலில் பிடித்துக்கொண்டு, பழையதைப் பின்னால் சேர்ப்பது நல்லது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது மட்டும் கூடாது. இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தொடர்ந்து சில இரவுகள் கண்விழிப்பதே மிகையுணர்ச்சி நிலையை, அதாவது கட்டுமீறிய உற்சாகத்தை, கிளப்பிவிடலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் சிகிச்சையை யாரும் எதிர்பார்க்கவில்லை. மூன்று நாள் வராத மாணவருக்கு "வந்ததும் பாரு, என்ன விட்டுப்போச்சுன்னு சொல்றேன்" என்று ஒரு செய்தி அனுப்புவது போதும். நான்காம் நாள் வகுப்பறைக்குள் நுழையும் வெட்கம்தான் பலரையும் நிரந்தரமாக நிறுத்திவிடுகிறது.

படி 5: வேலை தேடுதல்

நீண்ட பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பயிற்சி இல்லாமலே இவர் விரும்பும் வேலையில் ஒரு சிறிய பங்கைத் தொடங்க முடியுமா? முடியும் என்றால் தொடங்கட்டும். வாரத்துக்கு எட்டு மணி நேரம்கூடப் போதும். உண்மையான வேலை, மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் என்பது முக்கியம். தெரிந்தவர் கடையில் 'சும்மா உட்கார்ந்திருக்கட்டும்' என்று விடுவதில் அந்த மரியாதை இல்லை. பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பொருத்தம்தான் எல்லாம். இரவு மருந்தால் காலையில் எழ முடியாதவருக்கு மதிய ஷிப்ட். குரல்கள் கேட்பவருக்கு, ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கொண்டே செய்யக்கூடிய கிடங்கு வேலையோ தோட்ட வேலையோ முழு அமைதியான அலுவலகத்தைவிட உகந்ததாக இருக்கலாம். சுத்தம் பற்றிய ஓ.சி.டி. உள்ளவரை ஆய்வகத்தில் சேர்த்தால் நோய்க்குத் தீனி போட்டதாகும். கூட்டத்தில் பதற்றப்படுபவருக்குத் தரவு உள்ளீடு, பழுதுபார்த்தல், சரக்கு அடுக்குதல். அதே நேரம், 'இவருக்குத் தனிமைதான் நல்லது' என்று முடிவு செய்துவிடவும் வேண்டாம்; பேச்சுத் துணைக்காகவே வேலையை விரும்புகிறவர்கள் நிறைய. மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு ஆகாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், சம்பளம் எவ்வளவு அதிகமாக இருந்தாலும்.

விளம்பரம் பார்த்து நூறு விண்ணப்பம் அனுப்புவதைவிட, தெரிந்த பத்து முதலாளிகளிடம் நேரில் போய்ப் பேசுவது பலன் தரும். முதல் சந்திப்பில் ஆள் வேண்டுமா என்று கேட்காமல், அவர்களுக்கு எந்த வேலையில் ஆள் பற்றாக்குறை, எந்த நேரத்தில் நெருக்கடி என்று கேளுங்கள். மதியம் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒரு ஆள் தேவைப்படும் இடங்கள் விளம்பரத்தில் வருவதேயில்லை.

நேர்முகத்தில் இடைவெளி ஆண்டுகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம், நோயின் வரலாற்றையும் சொல்ல வேண்டாம். "உடல்நலக் காரணத்தால் படிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. இப்போது சரியாகிவிட்டது. இந்த ஆறு மாதமாக இன்ன பயிற்சி எடுத்தேன்" என்று மூன்று வாக்கியம். கடைசி வாக்கியத்தில் பேச்சு இன்றைக்கு வந்துவிட வேண்டும். வீட்டில் உரக்கச் சொல்லிப் பழகட்டும்.

அரசு உதவித்தொகையோ காப்பீடோ பெறுகிறவர் என்றால், சம்பளம் வந்தால் அது எவ்வளவு குறையும், எப்போது நிற்கும், வேலை போனால் திரும்பக் கிடைக்குமா என்று முன்பே கணக்குப் போடுங்கள். இந்தக் கணக்கு தெரியாத பயத்தாலேயே வேலையைத் தவிர்க்கிற குடும்பங்கள் உண்டு.

சில நாடுகளில் 'கிளப்ஹவுஸ்' என்ற அமைப்புகளும் இருக்கின்றன. 1948இல் நியூயார்க்கில் தொடங்கிய ஃபவுன்டன் ஹவுஸ் இதன் முன்னோடி. மனநோயோடு வாழ்பவர்களே அங்கே உறுப்பினர்களாகச் சேர்ந்து அலுவல்களை நடத்துவார்கள். வெளி நிறுவனங்களில் தற்காலிக வேலையும் ஏற்பாடாகும். பல வருடம் வீட்டிலேயே இருந்தவருக்கு இது நல்ல முதல் வாசல்.

படி 6: சொல்வதா, வேண்டாமா?

நோயைப் பற்றி வேலை இடத்தில் சொல்வதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சொன்னால் உரிமையாக மாற்றங்களைக் கேட்கலாம், மறைக்கும் பாரம் இருக்காது. சொன்னால் ஒதுக்கப்படலாம், ஒவ்வொரு கோபமும் 'நோய்' என்று பார்க்கப்படலாம். ஒருமுறை சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. சொல்லாததை எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். ஆகவே குழப்பமாக இருந்தால் காத்திருப்பதே மேல்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. மேலாளரிடம் மட்டும், தேவையை மட்டும் சொல்லலாம்: "ஒரு உடல்நலப் பிரச்சினைக்கு மருந்து எடுக்கிறேன். மாதம் ஒரு நாள் காலை மருத்துவமனை போக வேண்டும். வேலையை எழுதிக் கொடுத்தால் நன்றாகச் செய்வேன்." நோயின் பெயர் இதில் எங்கும் இல்லை. வாகனம் ஓட்டுவது, ஆபத்தான இயந்திரம் போன்ற வேலைகளில் மட்டும், சட்டப்படி எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவருக்குத் தெரியாமல் குடும்பத்தினர் முதலாளியிடம் போய்ச் சொல்லி வைப்பது துரோகமாகவே உணரப்படும். நல்லெண்ணம் அங்கே உதவாது.

படி 7: சேர்ந்த பிறகுதான் உண்மையான வேலை

வேலை கிடைத்ததும் எல்லோரும் பெருமூச்சு விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். துணை அதிகம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். ஐ.பி.எஸ். முறையில் துணைக்குக் காலக்கெடு கிடையாது என்பது இதனால்தான்.

முதல் மாதங்களில் வாரம் ஒருமுறை, வேலை இடத்துக்கு வெளியே, அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். 'எப்படிப் போகுது' என்று கேட்டால் 'நல்லா போகுது' என்றுதான் வரும். "இந்த வாரம் எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். வேலை கைவிட்டுப் போவதற்கு நோயின் தீவிரம் மட்டும் காரணமாவதில்லை. சாப்பாட்டு இடைவேளையில் யாரோடு உட்காருவது என்று தெரியாதது, மேலாளர் சொன்னது புரியாமல் மறுபடி கேட்கத் தயங்கியது, கேலியா நட்பா என்று விளங்காத ஒரு பேச்சு ஆகியவையும் ஆளை வெளியே தள்ளும். இவற்றை நடித்துப் பார்த்துப் பழகலாம். "திரும்ப ஒருமுறை சொல்றீங்களா, எழுதிக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் பல வேலைகளைக் காப்பாற்றும்.

கூடவே ஒரு பக்கத்தில் முன்னெச்சரிக்கைத் திட்டம் எழுதி வையுங்கள். அவர் நன்றாக இருக்கும்போது, அவர் வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். நோய் திரும்புவதற்கு முன் அவரிடம் வரும் முதல் அறிகுறிகள் என்ன? பலருக்குத் தூக்கம் மாறுவதே முதல் மணி. அப்புறம் போன் எடுக்காதது, குளிக்காதது, சந்தேகம் கூடுவது. இவை வந்தால் யாரிடம் பேசுவது, எந்த மருத்துவரை அழைப்பது, வேலை இடத்துக்கு யார் என்ன சொல்வது? மருத்துவமனையில் சேர நேர்ந்தால், முதல் நாளே விடுப்பு கேட்டு ஒரு தகவல் போய்விட வேண்டும். தகவலே இல்லாமல் பத்து நாள் காணாமல் போனால்தான் வேலை போகும்.

கஞ்சாவையும் மதுவையும் பற்றியும் இங்கேயே வெளிப்படையாகப் பேசுங்கள். சம்பளம் வந்ததும் நண்பர்களோடு போகும் ஆசை இயல்பு. ஆனால் கஞ்சா, குரல் கேட்கும் நோய்களைக் கிளப்பிவிடலாம்.

படி 8: வீட்டின் வெப்பநிலை

1976இல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் இருவரும் வெளியிட்ட ஆய்வும் அதற்குப் பின் வந்த பலவும் ஒரே விஷயத்தைக் காட்டின. ஓயாத குறைகூறல், வெறுப்பு, அளவுக்கு மீறிய தலையீடு இருக்கும் வீடுகளுக்குத் திரும்பும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நோய் மீண்டும் வருவது அதிகம். குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் நம் கையில் இருக்கும் ஒரு திருகு இது.

குறைகூறலை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். தலையீட்டைப் புரிந்துகொள்வது கடினம், அது அக்கறையின் உருவில் வருவதால். இருபத்துநான்கு வயது மகளின் மேலாளருக்கு அம்மா போன் செய்வது, தம்பியின் நோட்டை அண்ணன் தினமும் திறந்து பார்ப்பது, 'சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா' என்று அலுவலக நேரத்தில் ஆறு தடவை அழைப்பது. மாத்திரையைப் பற்றிக் கேட்க ஒரு நேரம், ஒரு முறை என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். சம்பளம் அவருடையது, அதை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மிகையுணர்ச்சியில் பணத்தை வாரி இறைத்த அனுபவம் இருந்தால், நன்றாக இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு ஒரு வரம்பு வைக்கலாம்.

பாராட்டும்போது குறிப்பாகச் சொல்லுங்கள். "இன்னிக்கு மழையிலயும் கிளம்பிப் போன" என்பது காதில் விழும். 'நீ பெரிய ஆளா வருவ' என்பது அடுத்த பாரம்.

வேலை போனால், பருவம் பாதியில் நின்றால்

அது நடக்கும். முதல் வேலை நிலைப்பது யாருக்குமே உறுதி இல்லை. ஒரு வாரம் விட்டு, நோட்டை எடுத்து உட்காருங்கள். எத்தனை நாள் நின்றது? எது நன்றாகப் போனது? எந்த இடத்தில் உடைந்தது: நேரமா, ஆட்களா, வேலையின் வேகமா, மருந்தா? உதாரணத்துக்கு, துணிக்கடையில் நான்கு மாதம் இருந்துவிட்டுப் பண்டிகைக் கூட்டத்தில் வெளியேறிய ஒருவரைப் பற்றி உங்களுக்கு இப்போது நிறையத் தெரியும். அவரால் நேரத்துக்கு வர முடியும், வாடிக்கையாளரிடம் பேச முடியும். கூட்டம் மட்டும்தான் ஆகவில்லை. அடுத்த தேடல் கூட்டமில்லாத கடைகளில் தொடங்கலாம். முடிந்தால் பழைய முதலாளியிடம், வேலை செய்த காலத்துக்கு ஒரு சான்று கேட்டு வாங்குங்கள். நான்கு மாதமும் விண்ணப்பத்தில் எழுதத் தகுந்த அனுபவம்தான். அந்த வாரத்திலேயே அடுத்த முதலாளியைச் சந்திக்க ஒரு தேதி குறித்துவிடுங்கள்.